கடைமடைக்கு வராத காற்று

டெக்சஸில் கோடைக்காலத்தில் டிரெய்லர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஏசியில் வந்து நிற்கும். ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள குன்றுப்பகுதியில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். பிக்கப் டிரக்குக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் அந்த வெயிலில் நாள் முழுக்க நிற்கும். சுவரின் கனம் பல டிரெய்லர்களில் இரண்டு அங்குலம்கூட இருக்காது. சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சட்டங்கள் வெளிச்சூட்டை வாங்கி உள்ளே கடத்திக்கொண்டே இருக்கும். அதற்குள் மனிதர் தூங்க வேண்டுமென்றால் கூரைமேல் இருக்கிற ஒற்றை ஏசியைத்தான் நம்ப வேண்டும்.

நாங்கள் வாங்கியது ஒருவர் வைத்திருந்து விற்ற டிரெய்லர். 28 அடி நீளம். முன்பக்கம் எங்கள் படுக்கை, நடுவில் சமையலும் உட்காரும் இடமும், பின்கோடியில் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில். நடுக்கூடத்துக்கு மேலே 13,500 பிடியு ஏசி. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு. ஆகவே நம் ஊர்க் கணக்கில் அது ஒரு டன்னுக்குச் சற்று மேல். சென்னையில் ஒரு படுக்கையறைக்கு மாட்டுகிற அளவு. டிரெய்லருக்கு அது போதாத அளவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் தோளில் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். பின்கட்டிலில் பிள்ளைகள் வேர்த்து நனைந்து கிடப்பார்கள். நள்ளிரவில் தலையணையைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத் தரைக்கு வந்துவிடுவார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டே யோசனை சொன்னார்கள்: பெரிய ஏசி போடு, இல்லாவிட்டால் இரண்டாவது ஏசி போடு. எங்கள் டிரெய்லருக்கு வருவது 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஓடுகிற ஏசியே 1,500 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் பிழைக்க வேண்டும். இன்னொரு கம்ப்ரஸரைச் சேர்த்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஊரில் என்றால் மெக்கானிக் வந்து கேஸ் குறைந்திருக்கிறது என்பார், நிரப்புவார். டிரெய்லர்க் கூரை ஏசியில் பெரும்பாலும் அதற்கும் வழியில்லை. தொழிற்சாலையிலேயே கேஸை அடைத்து, குழாயை நிரந்தரமாக மூடி அனுப்பிவிடுவார்கள். கேஜ் மாட்டுவதற்கு வால்வே இருக்காது. பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டினேன். மிஷின் சரியாக இருக்கிறது, பின்கட்டில் எல்லா டிரெய்லரிலும் இப்படித்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம், காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்று அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மேல்பக்கத்து ஊர்களில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அப்பாவும் மற்றவர்களும் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடக்கத் தொடங்குவார்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எந்த மதகில் பலகை சரியாக இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அணை நிறைந்திருக்கும் வருடத்திலும் எங்கள் வயல் காய்ந்து கிடந்ததுண்டு. தண்ணீர் எங்கே போயிற்று என்று தேடுவது அப்பாவின் வாழ்நாள் வேலை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு டிரெய்லரோடு இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். டெக்சஸின் கொலராடோ ஆற்றில் அடுத்தடுத்து அணை கட்டி உண்டாக்கிய ஏரிகளில் அது இரண்டாவது. கரையெல்லாம் இளஞ்சிவப்பு நைஸ் பாறை, வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். பகலில் வாங்கிய சூட்டை அந்தப் பாறை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே புக்கானன் அணை. அப்பா அதன்மேல் நின்று, இந்தத் தண்ணீர் யாருக்குப் போகிறது என்று கேட்டார். நகரங்களுக்கும் மின்நிலையங்களுக்கும், கீழே மெக்சிகோ வளைகுடாவுக்கு அருகில் நெல் பயிரிடுகிறவர்களுக்கும் என்றேன். 2012-இல் வறட்சி முற்றியபோது அந்த நெல் விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அணைநீரை நிறுத்தினார்கள், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படியே நீண்டது என்று சொன்னதும், "இங்கயும் கடமடைக்காரனுக்குத்தான் மொதல்ல அடியா" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இரவு பேரப்பிள்ளைகளோடு படுப்பதாகச் சொல்லிப் பின்கட்டிலுக்குப் போனார். காலையில் நான் எழுந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மிஷின் நல்லாத்தான் ஓடுது தம்பி. தலமடையில நெறயப் போவுது. கடமடைக்கு வரல. நடுவுல எங்கயோ ஒடச்சிக்கிட்டுப் போவுது, பாரு" என்றார்.

அடுத்த இடத்தில் டிரெய்லர் போட்டிருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய டெக்சஸ்காரர். வீடுகளுக்கு டக்ட் என்ற காற்றுக்குழாய் போடும் தகர வேலையில் காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா சொன்னதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டார். உங்கள் அப்பா சொல்வது சரியாக இருக்கலாம், அளந்து பார்ப்போம் என்று சமையலுக்கு வைத்திருந்த இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்து வந்தார்.

கூரை ஏசி வேலை செய்கிற விதம் எளிது. நடுக்கூடத்தின் உட்கூரையில் ஒரு கிரில் இருக்கும். அறைக்காற்று அதன் வழியாக ஃபில்டரைக் கடந்து மேலே ஏறி, குளிர்ந்த காயிலுக்குள் நுழையும். இதற்கு ரிட்டர்ன் என்று பெயர். குளிர்ந்த காற்றை ப்ளோயர் கீழே தள்ளும். அது கூரைக்குள் ஓடும் டக்டில் புகுந்து, முன்னும் பின்னும் போய், உட்கூரையில் உள்ள வட்ட வென்ட்டுகள் வழியாக இறங்கும். இரண்டு பாதையும் பிரிவது மிஷினுக்கு அடியில், 14 அங்குலச் சதுர ஓட்டைக்குள் உள்ள பெட்டியில். ரிட்டர்னில் ஒரு தெர்மாமீட்டர், ஏசிக்குப் பக்கத்து வென்ட்டில் ஒன்று வைத்தோம். உள்ளே போவது 27 டிகிரி, வெளியே வருவது 16. பதினோரு டிகிரி இறக்கம். நல்ல நிலையில் உள்ள ஏசி 9 முதல் 12 டிகிரி வரை இறக்கும் என்றார் அவர். ஆக, மிஷின் மேல் குற்றமில்லை. அதே தெர்மாமீட்டரைப் பின்கட்டிலுக்கு மேலே உள்ள வென்ட்டில் வைத்தபோது 21 காட்டியது. ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் அது சோம்பலாக அசைந்தது. வருகிற காற்றும் குறைவு, வருவதும் வழியில் சூடாகிவிட்டது.

பின்கட்டில் மட்டும் ஏன் எப்போதும் காய்கிறது என்பதற்கு அவர் இன்னொரு காரணமும் காட்டினார். தெர்மோஸ்டாட் நடுக்கூடத்துச் சுவரில் இருந்தது. தலைப்பக்கம் குளிர்ந்ததும் அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கசிவைத் தேடுவதற்கு ஊதுபத்தி கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் டிரெய்லரில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். கம்ப்ரஸரை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓடவிட்டு, ஊதுபத்தியை ஏற்றி உட்கூரையை ஒட்டி மெதுவாக நகர்த்தினோம். உட்கூரை விளக்கு ஒன்றின் ஓரத்துக்கு வந்ததும் புகை விலகி ஓடியது. மறுபடி கம்ப்ரஸரைப் போட்டு அங்கே கை வைத்தால் சில்லென்று காற்று. விளக்குக்கும் டக்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கூரைக்குள் உள்ள வெற்றிடத்தில் குளிர்காற்று பரவி, விளக்குக்கு வெட்டிய ஓட்டை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. நாங்கள் காசு கொடுத்து மேல்கூரையின் அடிப்பக்கத்தைக் குளிர்வித்திருக்கிறோம்.

மின் கேபிளைக் கம்பத்திலிருந்து கழற்றிவிட்டு, உட்கூரை மூடியைத் திறந்தோம். மிஷினுக்குள் உள்ள கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும், மேலே கை வைக்காதே, நமக்கு வேலை இந்தப் பெட்டியில் மட்டும் என்றார் பெரியவர். டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது.

குளிர்காற்று இறங்கும் பகுதிக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதன் மேல்விளிம்பு மிஷினின் அடியைத் தொடவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி. காயிலைக் கடந்து வந்த காற்றில் ஒரு பங்கு அறைக்குப் போகாமல் அந்த இடைவெளி வழியாகத் திரும்பவும் காயிலுக்கே போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே குளிர்ந்த காற்று மறுபடி குளிரும்போது காயிலின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஈரம் பனிக்கட்டியாகப் படியும். காற்றின் வழி இன்னும் அடையும். சில இரவுகளில் காற்றே நின்றுபோய்க் காலையில் தண்ணீர் சொட்டியதற்கான காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது டக்ட். டிரெய்லரின் டக்ட் பல வண்டிகளில் தகரக் குழாய் அல்ல; கூரையின் ஃபோமுக்குள் வெட்டி, ஃபாயில் ஒட்டிய ஒரு நீண்ட வழி. எங்கள் பெட்டியிலிருந்து அந்த வழிக்குள் நுழையும் வாயை வெட்டியவர் பாதி அகலத்துக்குத்தான் வெட்டியிருந்தார். வெட்டிய ஃபோம் துண்டு உள்ளேயே கிடந்தது. ஒட்டிய ஃபாயில் டேப்பின் ஒரு முனை பிரிந்து வாயின் குறுக்கே தொங்கியது. பெட்டியின் ஓரங்களில் கூரைச் சட்டம் வெறுமையாகத் தெரிந்தது. விளக்கு ஓட்டைக்குக் காற்று போனது அந்த வழியாகத்தான். மரச்சட்டத்தின் மேல் ஈரக்கறை. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று அதைத்தான் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கூரைமேல் சீலண்ட் பூசி அடைக்கப் பார்த்திருக்கிறார். கூரைக்குள் கசிந்த குளிர்காற்று பட்ட இடத்தில் காற்றின் ஈரம் வேர்த்து வந்த கறை அது.

அன்று நாங்கள் செய்த வேலையில் ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பெரியவர் காரணம் சொல்லிக்கொண்டே செய்தார். முதலில் வழியைச் சுத்தம் செய்தோம். ஃபோம் துண்டுகள், மரத்தூள், பிரிந்த டேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டக்ட்டின் வாயை அதன் முழு அகலத்துக்கு வெட்டித் திறந்தோம். பிறகு நடுத்தடுப்பை உயர்த்தினோம். ஓர் அங்குல ஃபோம் அட்டையை அளந்து வெட்டி, மிஷினின் அடியில் நெருக்கமாக உட்காரும்படி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஃபாயில் டேப் ஒட்டினோம். அதன்பின் பெட்டியின் நான்கு சுவர்கள். மரச்சட்டமோ ஃபோமோ வெறுமையாகத் தெரியும் இடம் ஒன்றுகூட மிஞ்சாமல் டேப்பால் மூடினோம்.

அதற்குப் பிறகு செய்தது எனக்குப் புதிது. மேலிருந்து இறங்கும் காற்று பெட்டியின் தட்டையான அடித்தகட்டில் மோதி, அங்கேயே சுழன்று, வேகம் இழந்து, பிறகுதான் பக்கவாட்டில் திரும்பும். பெரியவர் இரண்டு ஃபோம் துண்டுகளைச் சரிவாக வெட்டி, ஃபாயில் சுற்றி, காற்று இறங்கும் இடத்தில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக வைத்தார். இறங்குகிற காற்று இனி மோதாமல் சரிவில் வழுக்கி டக்ட்டுக்குள் போகும். செங்குத்தாகத் திரும்பும் ஒவ்வொரு மூலையும் ப்ளோயரின் பலத்தைத் தின்னும் என்றார்.

கடைசியாக வென்ட்டுகள். ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தால் உட்கூரைப் பலகைக்கும் டக்ட்டின் அடிக்கும் நடுவே இடைவெளி. வட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினோம். பின்கட்டிலின் வென்ட்டைத் தாண்டியும் டக்ட் பின்சுவர்வரை ஓடியது; அந்தக் கடைசியில் யாருக்கும் பயனில்லாமல் காற்று போய்த் தேங்கியது. வென்ட்டைத் தாண்டி ஒரு கையளவு தூரத்தில் ஃபோம் வைத்து அடைத்தோம். அப்பா தரையில் உட்கார்ந்து டேப்பை அளந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பெரியவரின் ஆங்கிலம் புரியவில்லை. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. எந்த நேரத்தில் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில் இருவருக்கும் குழப்பமே வரவில்லை.

டேப் விஷயத்தில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். கடைகளில் டக்ட் டேப் என்று விற்கும் சாம்பல்நிறத் துணி டேப்பைத் தொடவே கூடாது என்றார். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டக்ட் அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டக்ட்டை அடைப்பதில் மிக மோசமாகத் தோற்றது அந்தத் துணி டேப்தான். அதன் ரப்பர்ப் பசை சூட்டில் காய்ந்து விட்டுவிடும். நமக்கு வேண்டியது அக்ரிலிக் பசையுள்ள அலுமினிய ஃபாயில் டேப். யுஎல் 181 என்ற தரக்குறி அதில் அச்சிட்டிருக்கும். ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துத் தூசு போக்க வேண்டும். ஒட்டியபின் பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் நல்ல டேப்பும் ஒரு கோடைக்கு மேல் நிற்காது.

மாலை வெயில் இறங்குவதற்கு முன் மூடியைப் பொருத்தி ஏசியைப் போட்டோம். பின்கட்டில் வென்ட்டில் டிஷ்யூ தாள் நேராக எழுந்து நின்றது. தெர்மாமீட்டர் 17 டிகிரிக்கு வந்தது. ஊதுபத்தியை மறுபடி விளக்கோரம் கொண்டுபோனோம். புகை நேராக மேலே போயிற்று. அன்று இரவு பிள்ளைகள் நடுக்கூடத்துக்கு வரவில்லை. அப்பா விடியும்வரை அவர்களோடு தூங்கினார்.

அடைப்பு வேலை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் உள்ளே வருவதைக் குறைக்காமல் ஏசியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது. குளியலறைக்கு மேல் உள்ள கண்ணாடிக் கூரைக்கும், கூரைக் காற்றாடி ஓட்டைகளுக்கும் மெத்தை போன்ற ஃபோம் அடைப்பு வாங்கிச் செருகினோம். மேற்கு ஜன்னல்களுக்கு வெள்ளிநிறத் தாள் வெட்டி வைத்தோம். இடம் பிடிக்கும்போதே மாலை நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பிடிக்கிறோம். காலையில் உள்ளே குளிர்ச்சி இருக்கும்போதே ஏசியைப் போட்டுவிட வேண்டும். சுவரும் மெத்தையும் பாத்திரமும் சூடேறிய பிறகு இறக்குவது கடினம். ரிட்டர்ன் ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். பின்னால் இன்னும் வேண்டும் என்று முன்னால் உள்ள வென்ட்டுகளை எல்லாம் மூடுவதும் கூடாது. காயிலைக் கடக்கும் காற்று குறைந்தால் மறுபடி பனி பிடிக்கும். வீட்டு ஏசி வேலையில் ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிரைக் காயில் தரும். அதைக் கொண்டுசேர்க்க அவ்வளவு காற்று தடையில்லாமல் ஓடியாக வேண்டும்.

அமெரிக்காவின் டிரெய்லர்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்தைச் சுற்றி உருவாகின்றன. தச்சு வேலையில் பெயர்பெற்ற ஆமிஷ் சமூகத்தார் பலர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வேகமாக நகரும் வரிசையில், உட்கூரை மூடியபின் யாரும் பார்க்கப் போகாத ஒரு வெட்டுக்கு இன்னும் சில நிமிடங்கள் செலவிட யாருக்கும் நேரம் தரப்படுவதில்லை. விற்பனைத் தாளில் ஏசி எத்தனை பிடியு என்று பெரிய எழுத்தில் இருக்கும். கடைசிக் கட்டிலுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்ற வரியை எந்தத் தாளிலும் நான் கண்டதில்லை. வீடுகளிலும் இதே கதைதான். டக்ட் வைத்த ஒரு சராசரி அமெரிக்க வீட்டில் டக்ட்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலும் இணைப்புக் கோளாறிலும் வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. அந்த வீணை ஈடுகட்ட இன்னும் பெரிய மிஷின் விற்கிறார்கள், இன்னும் மின்சாரம் எரிகிறது, கோடையில் மின்கட்டமைப்பு திணறுகிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். அப்பா கரையில் நடந்து நடந்து காப்பாற்றிய தண்ணீரை நான் பார்த்து வளர்ந்தவன். உண்டாக்கிய ஒன்று பயன்படாமல் வழியில் போவதை அற்பமாக எண்ண என்னால் முடியாது.

அதற்குப் பிறகு நண்பர்களின் டிரெய்லர்களிலும் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பாதி வெட்டிய வாயும், தொங்கும் டேப்பும், எட்டாத தடுப்பும் வெவ்வேறு அளவில் பலவற்றில் இருந்தன. செலவு ஃபாயில் டேப் ஒரு சுருள், ஃபோம் அட்டை ஒன்று, ஒரு பகல் உழைப்பு. இரண்டாவது ஏசிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டிரெய்லர் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நல்ல வெயில் நாளில் மத்தியானம் போங்கள். ஏசியை ஓடவிட்டு, ஏசிக்கு அடியில் நிற்காமல், அதற்கு மிகத் தூரத்தில் உள்ள கட்டிலில் போய் அரை மணி நேரம் படுங்கள். உங்கள் பிள்ளைகளோ பெற்றோரோ படுக்கப் போகும் இடம் அது. அங்கே காற்று வராவிட்டால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.